கூசியும் கேட்டவர்

திருவேம்பனூர்க் கோயிலை ஒட்டிய கஞ்சிமடத்தில் எச்சில் தொன்னை எடுப்பதே தையலம்மையாரின் திருப்பணி. வழிநடைக்காரர்கள் குடித்துப் போட்ட தொன்னைகளை அள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சாணமிட்டு மெழுகுவார். குனியும்போதெல்லாம் ‘சிவசிவ’ என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது கடினம். பொய் பேசி அறியாதவர். யாரிடமும் ஒரு கை உப்புகூடக் கேட்டறியாதவர். ஊரார் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அவரும் உள்ளூரப் பெருமைப்பட்டார் என்பதை மறைப்பானேன்?

மழை பொய்த்த ஆண்டு அது. மடத்தை நடத்திவந்த தம்பிரான் காய்ச்சலில் சிவபதம் அடைந்தார். பஞ்சத்துக்கு ஊரைவிட்டு வந்தவர்கள் வாசலில் குவிந்து கிடக்க, குதிரில் நெல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இனி யாராவது போய்க் கேட்டாக வேண்டும். மடத்தில் மிஞ்சியிருந்தவர் அம்மையார் ஒருவரே.

நெல்வணிகர் மதுரநாயகத்தின் கடைக்குப் போனார். திருநீற்றை நீட்டினார். கோயிலின் பெருமையைச் சொன்னார். பிறகு அப்படியே நின்றார். என்னதான் வேண்டும் என்று வணிகரே கேட்டும்விட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. திருநீறு குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

மறுநாளும் இதே கூத்து. மூன்றாம் நாள் கஞ்சி எல்லாருக்கும் எட்டவில்லை. கால் வீங்க நடந்து வந்திருந்த ஒரு பெண் மடத்து வாசலிலேயே உயிரை விட்டாள். அம்மையார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். தம் வெட்கம்தான் அவளைக் கொன்றது என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

விடிந்ததும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். அவருக்கு நடக்கத் தெம்பு வேண்டுமென்று பசித்தவர்களே சேர்ந்து கடைசிக் கஞ்சியை அவர் வயிறு நிறைய ஊற்றி அனுப்பினார்கள். இந்தமுறை அம்மையார் சுற்றி வளைக்கவில்லை. மடத்துக்கு நெல் வேண்டும், கேட்கத்தான் வந்தேன் என்றார்.

வணிகர் சிரித்தார். “சாமி பேரச் சொல்லி வாங்கிட்டுப் போயி எத்தனையோ பேரு தின்னு தீத்தாச்சும்மா. சாமி பேருக்கு இனி ஒரு மணி கிடையாது. எனக்குப் பசிக்குதுன்னு உன் வாயால கேளு, தாரேன்.”

கடையில் நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. அம்மையாரின் உடம்பெல்லாம் கூசியது. வயிற்றில் கஞ்சி நிறைந்திருக்க எப்படிச் சொல்வது? ஈசன் பெயரை விட்டுவிட்டு எப்படிக் கேட்பது? வாசலில் கிடந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. முந்தானையை ஏந்தினார்.

“எனக்குப் பசிக்குதுய்யா. குடுங்க.”

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மதுரநாயகம் வாய் கெட்டவரே தவிர வாக்குத் தவறாதவர். ஒரு வண்டி நெல் மடத்துக்குப் போயிற்று. உலை கொதித்தது. எல்லாரும் குடித்தார்கள். ஊற்றிய அம்மையாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பொய் சொன்ன வாயோடு, சுவாமி பெயரை மறைத்த வாயோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சந்நிதிக்குப் போவது என்று கலங்கினார்.

பந்தியின் கடைசியில் மெலிந்த பரதேசி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊற்ற ஊற்றக் குடித்தார். ஏழு தொன்னை குடித்தபின் நிமிர்ந்து பார்த்தார்.

“இப்பத்தான் தாயி அடங்குச்சு. காலையில கடைத்தெருவுல பசிக்குதுன்னு சொன்னது நான்தான். உன் வாயி எனக்கு உதவுச்சு.”

அம்மையார் கைகூப்புவதற்குள் அங்கே ஆளில்லை. உச்சிக்காலப் பூசைக்குக் கதவு திறந்த குருக்கள் மூச்சிரைக்க ஓடிவந்தார். சிவலிங்கத் திருமேனியில் சூடு ஆறாத கஞ்சி வழிந்துகொண்டிருந்ததாம். தையலம்மையாரை அவரே சந்நிதிக்கு அழைத்துப் போனார்.

தமக்கென்று கேளாதிருப்பது எளிது. பிறர் பசியைத் தம் பசியாக்கி, கூசியும் கேட்ட அந்த அம்மையாரின் திருவடிகளை வணங்குவோம்.