மூடிய பாத்தி

உலகம்மாளைத் தேடி வருகிறவர்கள் ஞானம் கேட்டு வருவார்கள், வெண்டைக்காயோடு திரும்பிப் போவார்கள். மலையடிவாரத்தில் குளத்தங்கரையை ஒட்டி ஓர் ஓலைக் குடிசை, பக்கத்தில் கொஞ்சம் காய்கறித் தோட்டம். அவளுடைய மடம் அவ்வளவுதான். வயது நாற்பது. காவி கிடையாது, திருநீறு கொடுப்பது கிடையாது. எதைக் கேட்டாலும் ஒரு மறுகேள்வி வரும், இல்லாவிட்டால் தோட்டத்தில் ஒரு வேலை வரும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏழு வயசு மகளை அந்தக் குளத்தில் பறிகொடுத்துவிட்டு, அங்கேயே வந்து உட்கார்ந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பற்றி அவளிடமே கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

பேச்சிமுத்து அங்கே போய்ச் சேர்ந்தது ஆனி மாசத்துச் சாரலில். வயசு அறுபத்துமூன்று. நாற்பது வருஷம் ஊர்க்காரர்கள் வயலையெல்லாம் டிராக்டரில் உழுது கொடுத்த மனுஷர். தன்னைவிட இருபத்துமூன்று வயசு சின்னவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கூச்சம் பார்க்கிற நிலைமையெல்லாம் தாண்டி மூன்று வருஷம் ஆகிவிட்டதே!

"தாயி, எனக்கு ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"எம் மவன் இசக்கிராஜா லாரி ஓட்டப் போனான். வடக்க ஏதோ ரோட்டுல வண்டி மோதி, மூணு நாள் கழிச்சுப் பெட்டியில கொண்டாந்தாவ. வெள்ளத் துணியப் போட்டு மூடியிருந்துச்சு. தொறக்காதிய பெரியவரே, பாக்குற மாதிரி இல்லன்னு கூட வந்தவன் சொன்னான். நான் சரின்னுட்டேன்."

உலகம்மாள் அவரைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

"எம் பொண்டாட்டி செல்லக்கனி பெட்டி மேல விழுந்து கெடந்தா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவன்னு கதறுனா. நான்தான் அவ கையப் பிரிச்சு இழுத்து விட்டேன். அதுக்கப்புறம் எங்கூட அவ பேச்சே கெடயாது. எப்பமாச்சும் வாயத் தொறந்தாலும் ஒரே பேச்சுதான். 'முகத்தப் பாத்திருந்தா ஆறியிருப்பேன்.' மூணு வருசமா இதேதான், தாயி."

"உங்க கேள்வி என்ன?"

"பாத்திருந்தா ஆறியிருக்குமா?"

உலகம்மாள் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு எழுந்து, குடிசைக்குள் போய், ஒரு கை நிறையச் சிறுகிழங்கு எடுத்து வந்தாள்.

"இத நடுங்க. முளைக்கட்டும், சொல்லுதேன்."

பேச்சிமுத்து பழக்க தோஷத்தில் மண்வெட்டியைத் தேடினார். அந்தத் தோட்டத்தில் மண்வெட்டியே இல்லை.

"கிண்டக் கூடாது அண்ணாச்சி. மண்ணுமேல கிழங்க வச்சு, சாணித்தண்ணி தெளிச்சு, ஒரு முழ உசரத்துக்கு வைக்கோல் போட்டு மூடுங்க. அவ்வளவுதான்."

"உழுவாம வெள்ளாமையா? நல்லாருக்கே கத!"

"களை வராது. ஈரம் காயாது. அடி வைக்கோல் மக்கி மண்ணாப் போவும், மேல கொஞ்சம் புதுசாப் போட்டா போதும். உங்களுக்கு ஒரு வேலையும் கெடயாது."

"ஒரு வேலையுமேவா?"

"ஒண்ணே ஒண்ணு உண்டு. விலக்கிப் பாக்கக் கூடாது."

இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தார் மனுஷர். ஆறடிப் பாத்தி ஒன்றை அவரே போட்டார். ஆனி ஆடிக் காற்றுக்கு வைக்கோல் பறந்துவிடாமல் மேலே நாலு தென்னமட்டையையும் எடுத்து வைத்தார். அதற்குப் பக்கத்திலேயே அதே கிழங்கை வைத்து உலகம்மாளும் ஒரு பாத்தி மூடினாள். கிழங்கு முளைக்கிற வரைக்கும் அங்கேயே தங்குவதென்று முடிவாயிற்று. குடிசையின் தாழ்வாரத்தில் அவருக்கு ஒரு பாய் கிடைத்தது.

முதல் நாள் பொறுத்தார். இரண்டாம் நாளும் பொறுத்தார். மூன்றாம் நாள் காலையில் உலகம்மாள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, ஓர் ஓரத்தில் வைக்கோலை விலக்கினார். கிழங்கு வைத்த மாதிரியே கிடந்தது. மூடிவிட்டார்.

நாலாம் நாளும் விலக்கினார். அப்புறம் தினமும். ஒரு கிழங்கைப் பார்த்தால் அடுத்ததையும் பார்க்கத் தோன்றும். அதையும் பார்த்தால் முதல் கிழங்கைச் சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். வெள்ளையாய் ஒரு முளை எட்டிப் பார்த்த அன்று சந்தோஷத்தில் தொடப் போய், விரல் பட்டு அதுவும் ஒடிந்தது. திறந்த இடத்தில் எறும்பு ஏறியது. வெயில் உள்ளே புகுந்து ஈரத்தைக் குடித்தது. ஓரிடத்தில் அணில் புகுந்து கிழங்கையே தூக்கிக்கொண்டு போயிற்று.

உலகம்மாள் திட்டவில்லை. தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் வருவாள், கலைந்த வைக்கோலைக் கையால் சேர்த்து மூடுவாள், போய்விடுவாள். அந்தப் பேசாமைதான் அவரைக் கொன்றது. வீட்டில் ஒருத்தி பேசாமல் கொல்கிறாள் என்று இங்கே வந்தால் இங்கேயும் அதேதானா என்று மனசுக்குள் நொந்துகொண்டார்.

இருபதாம் நாள் உலகம்மாளின் பாத்தியில் வைக்கோலைப் பிளந்துகொண்டு பச்சை தெரிந்தது. நாற்பதாம் நாள் பாத்தி முழுக்கக் கொடி மூடிக்கொண்டது. பேச்சிமுத்துவின் பாத்தி போட்டது போட்ட மாதிரியே, இழவு வீட்டில் விரித்த பாய் மாதிரி கிடந்தது.

அன்றைக்கு அவர் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, சின்னப் பிள்ளை அழுவது மாதிரி அழுதார். மகனின் பெட்டி வந்த அன்றுகூட அப்படி அழவில்லை, அன்றைக்கு அவர் செல்லக்கனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உலகம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தினமும் தொறந்து பாத்தேன் தாயி."

"தெரியும்."

"கையைக் கட்டிப் போட்டாலும் அடங்க மாட்டேங்கு. உள்ள என்ன கெடக்குன்னு தெரியாம என்னால இருக்க முடியல."

"ம்."

"ஒரு விசயம் சொல்லட்டா? செல்லக்கனிகிட்டகூடச் சொன்னதில்ல." அவர் குரல் இறங்கிப் போயிற்று. "பஸ் ஸ்டாண்டுல லாரிக்காரப் பயலுவ நின்னா, ஒவ்வொருத்தன் முகமாப் பாக்கேன். பெட்டியில இருந்தது வேற யாரோன்னு தோணுது. அப்படி இருந்துட்டா நல்லதுன்னு தோணுது. வேற ஒருத்தன் பெத்த பிள்ளையா இருக்கட்டும்னு நெனைக்கேன். நான் மனுசனா தாயி?"

உலகம்மாளின் கை வைக்கோலைத் தடவிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு அந்தத் துணியை விலக்கியிருந்தா இதெல்லாம் இல்ல. அவளுக்கும் ஆறியிருக்கும், எனக்கும் ஆறியிருக்கும். அவ கையப் பிரிச்சு விட்ட பாவி நான்தானே? அவ சொல்லுததுதானே சரி?"

"அண்ணாச்சி..."

"கிழங்கு முளைக்கல. நீங்க பதில் சொல்ல வேண்டாம். எனக்கே பதில் தெரிஞ்சு போச்சு. நான் கெளம்புதேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கே போவார்? வீட்டுக்குப் போனால் அதே ஒரு வாக்கியம் காத்துக்கொண்டிருக்கிறது. போகாவிட்டால் பஸ் ஸ்டாண்டும் லாரிக்காரர்களின் முகங்களும். இரண்டு பக்கமும் அடைத்துப்போய் அப்படியே நின்றார்.

"கொஞ்சம் இங்கன வாங்க" என்றாள் உலகம்மாள்.

தன்னுடைய பாத்தியின் கோடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். குளத்தைப் பார்த்த கோடி அது. கொடியெல்லாம் செழித்துக் கிடந்த பாத்தியில் அந்த ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றும் முளைக்கவில்லை. பேச்சிமுத்து அந்த இடத்தைத் தினமும் பார்த்திருக்கிறார். பெருச்சாளி வேலை என்று நினைத்திருந்தார்.

கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு சாண் வைக்கோல் மட்டும் கசங்கி, நொறுங்கி, கை பட்டுப் பட்டுப் பொடியாகிக் கிடந்தது.

உலகம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பழகிய கை அந்த வைக்கோலை மெல்ல விலக்கியது. கீழே கறுத்த மண்ணில் ஒற்றைக் கிழங்கு இருந்தது. அதன் மேல் ஒடிந்த முளைகளின் தழும்புகள், ஒன்று, இரண்டு, எண்ண முடியாதபடி நெருக்கமாக. புதுசாக வந்த ஒரு வெள்ளை முளையும் அன்று காலையில் ஒடிந்ததுபோல ஈரம் காயாமல் கிடந்தது.

பேச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது யாரு செஞ்ச வேல?"

"நாந்தான்."

"விலக்கிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"சொன்னேன்."

"பெறவு?"

"மத்த இடத்துல கைய வைக்காம இருக்கப் படிச்சுக்கிட்டேன். இந்த ஒரு எடத்துல முடியல. வருசா வருசம் ஒரு கிழங்கு இப்படித்தான் போவுது."

"பதினோரு வருசமாவா?"

அவள் தலையை ஆட்டினாள். காற்றில் வைக்கோல் துரும்பு ஒன்று பறந்து குளத்தில் விழுந்தது. பேச்சிமுத்து அவளுக்கு எதிரில் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை நாளும் தாயி தாயி என்று கூப்பிட்ட அவளை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். அவர் மகனுக்கு ஒரு அக்காள் இருந்திருந்தால் இந்த வயசுதான் இருக்கும்.

"எதுக்குத் தாயி?" என்று கேட்டார்.

உலகம்மாள் வைக்கோலை மூடவில்லை.

"எம் மவளக் குளத்துலேருந்து தூக்கிக் கரையில போட்டாவ, அண்ணாச்சி. பாக்காதன்னு எல்லாரும்தான் சொன்னாவ. என் கைய யாரும் பிரிச்சு விடல. துணிய விலக்கி, நான் நல்லாப் பாத்தேன்."