பார்த்தவன் பொறுப்பு

கனகசபாபதி வயிற்றெரிச்சலோடுதான் மடத்துக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜர். குளிர் அறை மெஷின் படுத்துவிட்டது. உள்ளே கிடந்த சரக்கு அத்தனையும் நாறிப்போனது. அதற்காக அன்று காலைதான் செல்வின் என்கிற ஆளை எல்லார் முன்னாலும் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

குரு ஏகாம்பரம் வயதில் அவரைவிடச் சின்னவர். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

“அவன்தான் மெஷினைக் கெடுத்தானா?”

“இல்லை சாமி. சத்தம் மாறுனது அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வாயைத் திறக்கலை. இப்படிக் கூடவே இருந்து கழுத்தறுக்கிறவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கொல்லையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

“சாமி, தொட்டி நிரம்பி வழியுது.”

“பார்த்தது நீங்கதானே? மோட்டாரை நிறுத்திட்டு, அங்க கிடக்கிற சேற்றையும் அள்ளிப் போட்டுருங்க.”

மேனேஜருக்கு இது தேவையா? பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். வந்து உட்கார்ந்தால், மாடு பூச்செடியை மேய்ந்துகொண்டிருந்தது. அதையும் சொன்னார்.

“பிடிச்சுக் கட்டுங்க. வேலி பிய்ஞ்சிருக்கும், அதையும் நீங்களே அடைச்சிருங்க.”

முள் கீறிய கையோடு திரும்பினார். அடுப்படியிலிருந்து பால் தீயும் வாடை வந்தது. மூக்கைத் துளைக்கிற வாடை. கனகசபாபதி கூரையைப் பார்த்தபடி கம்மென்று உட்கார்ந்திருந்தார்.

“வாடை அடிக்கலையா?” என்றார் சாமி.

“அடிச்சுது.”

“சொல்லலையே?”

“சொன்னா அதையும் என்னையே...”

பேச்சு பாதியில் நின்றது. கம்பெனியில் யார் என்ன குறை சொல்லி வந்தாலும், ‘பார்த்தவன் நீதானே, நீயே முடி’ என்று அவன் தலையிலேயே கட்டுவது அவர் வழக்கம். அதுதான் நிர்வாகத் திறமை என்ற நினைப்பு வேறு. குழாய் கசிகிறது என்று சொல்ல வந்த செல்வின், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் குழாயோடு மல்லுக்கட்டியது இப்போது ஞாபகம் வந்தது. அவருக்கே அவமானமாக இருந்தது.

“தப்புப் பண்ணிட்டேன் சாமி. இப்பவே போன் போட்டுக் கூப்பிடுறேன். வருவானா?”

“பிள்ளைகுட்டிக்காரன். வராம என்ன செய்வான்?”

சாமி அடுத்த காயை எடுத்தார்.

“ஆனா, முன்னாடி பார்த்துட்டுச் சொல்லாம இருந்தான். அதுக்கு வேலை போச்சு. இனிமே பார்க்கவே மாட்டான்.”