பத்தியம் தவறியவர்

உலகம்மைக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் வைத்தியம் படிக்க வந்த திரவியத்துக்கு அறுபது. திரவியம் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். தென்காசிக்கு மேற்கே மலையடியில் இருந்த அந்த வைத்தியசாலையில் யாரும் இதை வேடிக்கையாக நினைக்கவில்லை.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே சீக்கு. வயிறு பிசையும், உப்பும். சிலரை ஒரு நாளில் எட்டுத் தடவை ஓட வைக்கும். சிலருக்கு நாலு நாள் அடைத்துக்கொள்ளும். குழாய் விட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் ‘ஐ.பி.எஸ்.’, அதாவது குடல் எரிச்சல் நோய், என்று எழுதி அனுப்புவார்கள். ஊரில் மனப்பிராந்தி என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களை இந்த வயிற்றோடு ஒருநாள் மதுரை வரைக்கும் பஸ்ஸில் அனுப்பிவைக்க வேண்டும்.

உலகம்மை இதற்கு ஒரு சூரணம் கொடுத்துவந்தார். நாற்பத்தெட்டு நாள். கூடவே கடும்பத்தியம். புளி, மிளகாய், பால், வெங்காயம், கிழங்கு என்று இருபத்துமூன்று பண்டம் ஆகாது.

ஒரு சனிக்கிழமை காலை திரவியம் நோட்டோடு வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“அம்மா, ஒரு மருந்து வேலை செய்யுதுன்னு எதை வச்சுச் சொல்லணும்?”

“நீங்க எதை வச்சுச் சொல்லுதீங்க சார்?”

“கணக்கை வச்சுத்தான். ரெண்டு வருஷத்துல இந்தச் சீக்குக்கு நூத்திநாப்பது பேர் மருந்து வாங்கியிருக்காங்க. நூத்திப்பதினெட்டு பேருக்குக் குணம். இருபத்திரண்டு பேர் ‘பத்தியம் தவறியவர்’. பத்தியம் காத்தவங்க அத்தனை பேருக்கும் குணம். நூத்துக்கு நூறு. வாசல்ல ஒரு போர்டு எழுதி மாட்டலாமா?”

உலகம்மை பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

வந்தவள் பிரம்மசக்தி. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடியில் சேலை விற்கிறவள். ஆறு மாதம் முன்பு மருந்து வாங்கிப் போனவள். அப்போதைக்கு இப்போது பாதியாக இருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“மருந்துக்கு வரலைக்கா. இந்தச் சீட்டை எழுதினது யாருன்னு கேக்க வந்தேன்.”

நீட்டிய சீட்டை உலகம்மை வாங்கிப் படித்தார். வைத்தியசாலையின் சீல் இருந்தது. ‘மேற்படியார் பத்தியம் தவறியதால் குணமடையவில்லை’ என்று திரவியத்தின் அழகான கையெழுத்தில் இருந்தது.

“நான்தாம்மா போன வாரம் எழுதிக் கொடுத்தேன்” என்றார் திரவியம். “கடையில கேக்காங்கன்னு சொல்லிச்சு. நோட்டைப் பாத்து எழுதினேன்.”

“எதுக்குச் சீட்டு?” என்று உலகம்மை கேட்டார்.

“மூணாவது மாடியில நிக்கேன். கக்கூஸு கீழ குடோனுக்குப் பின்னால. ஒரு நாளைக்கு ஆறு வாட்டி இறங்கி ஏறணும். கீழ துண்டு, லுங்கி விக்கிற இடத்துக்கு மாத்துங்கன்னு கேட்டேன். சீக்கு இருக்குன்னு காட்டுன்னாங்க. ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டினேன். எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே, அப்புறம் என்னன்னு கேட்டாங்க. சரின்னு இங்க வந்து சீட்டு வாங்கி, வாசிச்சுக்கூடப் பாக்காம கொண்டு போய்க் கொடுத்தேன்.”

அவள் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

“மேனேஜர் அதை எல்லாப் பிள்ளைகள் முன்னாலயும் சத்தமா வாசிச்சாரு. ‘வாயைக் கட்டினா வயிறு சும்மா கெடக்கும்’னாரு. திங்கக்கிழமைக்குள்ள வேற சீட்டு கொண்டு வரலைன்னா வேலையை விட்டு நின்னுக்கோன்னு சொல்லிட்டாரு. வீட்டுக்கும் சேதி போயிட்டு. வைத்தியசாலையிலயே எழுதிக் கொடுத்துட்டாங்கல்லா, இனி உன் பேச்சை யாரு நம்புவான்னு எங்க வீட்டுக்காரர் கேக்காரு.”

அவள் திரவியத்தின் பக்கம் திரும்பினாள்.

“நான் எதைத் தின்னேன் சார்? சொல்லுங்க. நாப்பத்தெட்டு நாளும் கஞ்சியும் பாசிப்பருப்பும்தான். தம்பி கல்யாணத்துல பச்சைத் தண்ணி குடிச்சுட்டு எந்திரிச்சு வந்தேன். எட்டுக் கிலோ குறைஞ்சுட்டேன்.”

திரவியம் நோட்டைப் புரட்டினார். பெயர் இருந்தது. என்ன தின்றாள் என்று இல்லை.

“சார், இந்தப் பிள்ளை பத்தியம் தவறினதை யார் பாத்தா?” என்றார் உலகம்மை.

“பாக்கணுமாம்மா? மருந்து கேக்கலை. அப்ப எங்கேயோ தவறியிருக்கணும்.”

“குணமானவங்க பத்தியம் காத்தாங்கன்னு எப்படித் தெரியும்?”

“குணமாயிட்டே. பத்தியம் காத்ததாலதானே குணமாச்சு.”

சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ இடித்தது. எட்டாம் வகுப்புப் பையன் இப்படி விடை எழுதியிருந்தால் அவர் சுழித்துவிட்டிருப்பார்.

அந்த நேரத்தில் முற்றத்தில் லாரி வந்து நின்றது. சங்கிலி என்கிற டிரைவர் ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கொல்லத்துக்கு லோடு அடிக்கிறவன். போன வருஷம் இதே சீக்கோடு வந்து குணமாகிப் போனவன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்து வைப்பான்.

“சங்கிலி, பத்தியம் எத்தனை நாள் காத்தே?” என்று உலகம்மை கேட்டார்.

சங்கிலி தலையைச் சொறிந்தான். “கோவிச்சுக்கக் கூடாதுக்கா.”

“சொல்லு.”

“மூணு நாள். நாலாம் நாள் புளியரையில வண்டி நின்னுட்டு. பரோட்டாக் கடைதான் இருந்துச்சு. அப்புறம் பழையபடிதான்.”

“பின்ன எப்படிக் குணமாச்சு?”

“அது வரும், போகும்க்கா. ரொம்ப முடியாத அன்னைக்குத்தானே இங்க வந்து விழுந்தேன். மலைப்பாதையில உச்சிக்கு ஏறிட்டா அப்புறம் எறக்கம்தானே. தை மாசம் மறுபடி வந்துச்சு, அதுவா போயிட்டு. இருந்தாலும் நீங்க கொடுத்த பொடி நல்ல பொடிக்கா. குறை சொல்லலை.”

குலையை இறக்கி வைத்துவிட்டு அவன் போய்விட்டான். அவன் பெயர் திரவியத்தின் நோட்டில் ‘குணம்’ என்ற தலைப்பின் கீழ் சிவப்பு மையில் இருந்தது. கஞ்சி குடித்தவள் பத்தியம் தவறியவர். பரோட்டா தின்றவன் பத்தியம் காத்தவர். எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

“சார், நூத்திப்பதினெட்டு பேரும் இப்படி வந்து குணம்னு சொன்னாங்களா?” என்றார் உலகம்மை.

“முப்பத்தோரு பேர் வந்து சொன்னாங்க.”

“மீதி எம்பத்தேழு?”

“திரும்ப வரலைம்மா. குணமாகாட்டா வந்திருப்பாங்கல்லா.”

பிரம்மசக்தி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் அப்புறம் போகலை சார். ‘உனக்கு ஒண்ணும் இல்லை, மனசைத் திடமா வச்சுக்கோ’ன்னாங்க. பிறகு எதுக்குப் போகணும்? அங்கயும் யாராச்சும் நோட்டுல என்னைக் குணமானவன்னு எழுதியிருப்பாங்களோ.”

திரவியம் நோட்டை மூடினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அப்போ நம்ம மருந்து பொய்யாம்மா?”

“தெரியாது.”

“நீங்களே இப்படிச் சொன்னா?”

“நான்தான் சொல்லணும். அந்த முப்பத்தோரு பேர்ல மருந்தால எந்திரிச்சது எத்தனை பேர், சங்கிலி மாதிரி தானா எந்திரிச்சது எத்தனை பேர்? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னா ஆளுகள்ட்ட விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவும் கொடுக்கணும். யாருக்கு எதுன்னு கொடுக்கிற எனக்கே தெரியக் கூடாது. வராதவங்க வீட்டுக்கு நாம நடந்து போகணும். இந்தப் பொடியை எனக்குச் சொல்லிக்கொடுத்த எங்க அப்பா அதைச் செய்யலை. நானும் செய்யலை. நல்ல பேர் வந்துக்கிட்டு இருந்துச்சு, சும்மா இருந்துட்டேன்.”

உலகம்மையின் குரல் உயர்ந்தது. அந்த வைத்தியசாலையில் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“ஜெயிச்சா மருந்து. தோத்தா நோயாளி. இப்படி ஒரு நோட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தா எந்த மருந்து சார் தோக்கும்? தெருமண்ணை அள்ளிக் கொடுத்தாலும் நூத்துக்கு நூறு வரும். இதுல இந்தப் பிள்ளை நாப்பத்தெட்டு நாள் பட்டினி கெடந்துருக்கு. வேற வழியில யாராவது வைத்தியம் பாத்திருந்தா சரியாகியிருக்குமோ என்னமோ. அதையும் கெடுத்தோம். கடைசியில திருட்டுத்தனமா தின்னவன்னு பட்டம் கட்டி, சீல் குத்தி அனுப்பியிருக்கோம்.”

திரவியம் எழுந்து நின்றார். முப்பது வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்தவர், தானாக எழுந்து நின்றார்.

“தாயி, நீ என்னை மன்னிக்கணும்” என்றார் பிரம்மசக்தியிடம்.

“மன்னிப்பு கெடக்கட்டும் சார். திங்கக்கிழமைக்குச் சீட்டு வேணும்” என்றாள் அவள்.

“உக்காந்து எழுதுங்க சார்” என்றார் உலகம்மை. “நான் சொல்லுதேன். ‘இவருக்கு இருப்பது உண்மையான நோய். பரிசோதனையில் தெரியாது என்பதால் இல்லை என்று ஆகாது. நாற்பத்தெட்டு நாளும் சொன்னபடி பத்தியம் காத்தார். எங்கள் மருந்து இவருக்குக் கேட்கவில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் வேலை கொடுக்க வேண்டும். முன்பு கொடுத்த சீட்டு தவறு. தவறு எங்களுடையது.’ கீழ என் பேரைப் போடுங்க, நான் கையெழுத்து வைக்கேன்.”

மூன்றாவது வரிக்கு வந்ததும் திரவியத்தின் பேனா நின்றுவிட்டது.

“என்ன சார்?”

“பத்தியம் காத்தாங்கன்னு நாமளும் பாக்கலையேம்மா.”

“பாக்கலை. அவ சொல்லுதா. தவறினான்னு எழுதும்போது அதுகூட உங்க கையில இல்லையே.”

திரவியம் அந்த வரியை எழுதினார். மறுபடியும் பேனா நின்றது. இந்த முறை அவர் தலை நிமிரவில்லை.

“எழுதிருதேம்மா. ஆனா மருந்து கேக்கலைன்னு நாமளே சீல் வச்சுக் கொடுத்தா, மேனேஜர் அதையும் சத்தமா வாசிப்பாரு. நாளைக்கு ஊர்ல நம்ம பேச்சை யாரு நம்புவா?”

உலகம்மை சீலை எடுத்து மையில் அழுத்தினார்.

“அவ வீட்டுல அவ பேச்சை யாரும் நம்பாம பண்ணினது நாமதானே சார். கொஞ்ச நாள் நாமளும் அப்படி இருந்து பாப்போம்.”