இடியை வெறுங்கையோட அனுப்புனவ

ஒரு ஊர்ல ஒரு அணை. அக்கரை கண்ணுக்கே தெரியாது, அம்புட்டுத் தண்ணி. அதுல மாதப்பனும் அவன் பொண்டாட்டி நல்லம்மாவும் பரிசல்ல போய் மீன் பிடிப்பாங்க. ம் சொல்லுடி கண்ணு, அத்தை என்ன செவுத்துக்கா கதை சொல்றேன்?

ஆங். ஒரு நாள், நல்ல கோடை. மத்தியானம் நடுத்தண்ணிக்குப் போயிட்டாங்க. காத்தடிச்சா பரிசல் கிறுகிறுன்னு சுத்துமில்ல? அங்க தண்ணிக்குள்ள ஒரு மொட்டைப் பனைமரம் தலைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுல பரிசலைக் கட்டிட்டு வலையப் போட்டாங்க.

அப்போ மேக்கால ஒரு மின்னல். பளீர்! நல்லம்மா எண்ணுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு... இருபது எண்ணுனதும் கடகடகடன்னு இடி. "மாமா, இடி இன்னும் தூரத்துல இருக்கு. இப்பவே போயிடலாம்"ன்னா.

"இரு புள்ள, வலை கனக்குது"ன்னான் அவன். மீனைக் கண்டா அவனுக்குக் காது அடைச்சுக்கும்.

அப்புறம் இன்னொரு பளீர்! எண்ணு பாக்கலாம்... பத்துகூட ஆகல, டமடமடமார்! "மாமா, இடி கிட்ட வந்துட்டான்!"

"கட்லா மீனு புள்ள! உன் ஒசரம் இருக்கு!" பரிசல்ல எந்திரிச்சு நின்னு வலைய இழுக்கறான். வெட்டவெளித் தண்ணியில பனைமரமும் அவனுந்தான் ஒசரம். இடி தேடறதே ஒசரத்தத்தானே, மடையன்! தூங்கிட்டியா? ம்... சரி.

நல்லம்மாவுக்கு மீனும் வேணாம், வலையும் வேணாம், புருஷன் வேணும். மீன் அறுக்கற கத்திய எடுத்தா. பனைமரத்துக் கயிறு, சரக்! வலைக் கயிறு, சரக்! "அடிப்பாவி, புது வலைடி!"ன்னு அவன் குதிக்க, முழங்காலுக்குப் பின்னால ஒரு உதை விட்டா பாரு, தொப்புன்னு விழுந்தான். "படுய்யா!"ன்னு அவன் தலைய அமுக்கிட்டு, தானும் குனிஞ்ச மேனிக்கே சளப் சளப்புன்னு துடுப்புப் போட்டா.

கொஞ்ச தூரம் போயிருப்பாங்க. மூணாவது மின்னல்! எண்ண வாயத் தொறக்கல, டமார்ர்ர்! பனைமரம் ரெண்டாப் பொளந்து பத்திக்கிச்சு.

மாதப்பன் அதைப் பாத்தான். அவனும் ஒரு துடுப்ப எடுத்துக் குனிஞ்சுக்கிட்டான். கரையேறி, மீன் எடை போடற கட்டடத்துக்குள்ள ஓடிப்போய்தான் மூச்சே விட்டாங்க.

அப்புறம் இடி கெழக்கால உறுமிக்கிட்டே போய் அடங்கிடுச்சு. அப்பதான் நல்லம்மா வெளிய வந்தா. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, இடுப்புல கை வச்சுக்கிட்டு வானத்தப் பாத்துக் கத்துனா:

"எங்களுக்கு மீன் கெடைக்கல, சரி! உனக்கு என்னடா கெடச்சுது? ஒரு மொட்டைப் பனை! ரெண்டு பேராப் போனோம், ரெண்டு பேரா வந்துட்டோம். போடா!"

பின்னால நின்ன மாதப்பன், அவளவிடச் சத்தமா, "போடா!"ன்னான். கரையில இருந்த சனமெல்லாம் சேந்து, "போடா!"

நீயும் சொல்லு. ஆங், அப்படித்தான். கதை கரையேறிடுச்சு, கண்ண மூடு.