வேதவல்லி வைத்த பவளம்

சற்குணம் தன் குருவைத் தேடிப் போகவில்லை. லிஃப்டில் சந்தித்தார்.

மனைவி வேதவல்லி இறந்து அதிக நாள் ஆகவில்லை அப்போது. கூடத்தில் அவள் பவளம் வளர்த்த கடல்நீர்த் தொட்டி மட்டும் விளக்கெரிய நின்றது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சிங்கப்பூர்ச் சாலைகளில் காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தொட்டிப் பக்கம் போனதே இல்லை.

"தொட்டி எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டபடி லிஃப்டில் ஏறினாள் ஹாஜரா.

பிடோக் வட்டாரத்தில் அதே அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடிக்காரி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். வேதவல்லியோடு சேர்ந்து பவளம் வளர்த்தவள். வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் இனிமே குரு," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

முதல் நாள் தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. சற்குணம் உப்புக் கரைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹாஜரா வாளியைப் பிடித்து நிறுத்தினாள்.

"நல்ல தண்ணி ஊத்துங்க."

"கடல்ல வாழறதுக்கு நல்ல தண்ணியா?"

"ஆவியாப் போனது தண்ணி மட்டும்தான் அங்கிள். உப்பு உள்ளயேதான் இருக்கு."

அவர் நல்ல தண்ணீர் ஊற்றினார்.

தொட்டியின் நடுவில் ஒரு கல். அதன் மேல் செனியா என்ற மென்பவளம். எலும்பில்லாதது, வேகமாக வளர்வது. வெளுத்த தண்டுகளின் நுனியில் குட்டிக் குட்டி விரல்கள். அவை நாள் முழுக்க விரிந்து மூடும், விரிந்து மூடும், தொட்டில் குழந்தை எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல.

வேதவல்லி அதை வைத்த நாள் அவருக்கு நினைவிருந்தது. "ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்களேன்," என்று கூப்பிட்டாள். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். போகவில்லை.

இப்போது காலையில் எழுந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவார்.

பவளம் கல்லை மூடியது. கல்லைத் தாண்டி வழிந்தது. ஒரு சனிக்கிழமை ஹாஜரா சொன்னாள்:

"ஓரத்தை வெட்டிவிடணும் அங்கிள். இப்படி நெருக்கினா உள்ள தண்ணி ஓடாது, வெளிச்சமும் போகாது. வெட்டினா எனக்கும் ஒரு துண்டு குடுங்க."

"அவ கையால வெச்சது, குருவே. அதுல கத்தரி வைக்கமாட்டேன்."

ஹாஜரா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். அதன் பிறகும் வாரம் தவறாமல் வந்தாள், தண்ணீரைச் சோதித்தாள், கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்தாள். வெட்டுவதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஒரு நாள் காலை விரல்கள் அசையவில்லை.

நடுவில் இருந்த தண்டுகள் துவண்டு சாய்ந்திருந்தன. சற்குணம் லிஃப்டுக்குக் காத்திராமல் மாடிப்படி ஏறி ஓடினார். ஹாஜரா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றவள் பையைப் போட்டுவிட்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். தண்ணீரை மோந்து பார்த்தாள்.

"நடுவுல கரையுது. ஓரம் இன்னும் நல்லா இருக்கு."

"மருந்து?"

"இல்ல."

"தண்ணிய மாத்தினா?"

"மாத்தத்தான் போறோம். அது மட்டும் போதாது."

சற்குணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப நீயே வெட்டு. உனக்கு வலிக்காது," என்றார்.

ஹாஜரா கோபப்படவில்லை. கத்தரிக்கோலைக் கழுவி, பிடியை அவர் பக்கமாக நீட்டினாள்.

"நீங்க வெட்டுங்க. நான் கிண்ணம் பிடிச்சுக்கறேன்."

முழங்கைவரை கையைத் தண்ணீரில் விட்டு அவர் வெட்டினார். வெட்டிய ஒவ்வொன்றும் சுருங்கி, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு கையில் கூழாகக் கிடந்தது. உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஹாஜரா அவற்றைக் கல் துண்டுகள் பரப்பிய கிண்ணத்தில் இட்டு, வலைத்துணியால் மூடி, தண்ணீர் மெல்ல ஓடும் மூலையில் இறக்கினாள்.

"ஒட்டவைக்க வேணாமா?"

"வழுக்கிட்டுப் போயிரும். விட்டா தானாப் பிடிச்சுக்கும்."

கரைந்த நடுப்பகுதியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். புதிதாக உப்புக் கரைத்த நீரை ஊற்றினார்கள். கல் மொட்டையாக நின்றது.

சற்குணம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "உப்புத் தண்ணி கண்ணுல தெறிச்சுட்டுது," என்றார்.

ஹாஜரா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

கிண்ணத்தில் வெகு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சில துண்டுகள் கரைந்தும் போயின. பிறகு ஒன்று கல்லைப் பற்றிக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. ஒரு காலையில் சற்குணம் எழுந்து வந்தபோது, நகக்கண் அளவு விரல்கள் விரிந்து மூடிக்கொண்டிருந்தன.

அன்று மாலை ஹாஜராவைக் கூப்பிட்டார். இருந்ததிலேயே செழிப்பானதை அவளுக்கென்று ஒரு டப்பாவில் நீரோடு எடுத்து வைத்திருந்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும், குருவே."

"கேளுங்க."

"இதெல்லாம் நான் வெட்டி வெச்சது. அவ வெச்சது அன்னைக்கே போச்சு. இல்லையா?"

ஹாஜரா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி முதல்ல வெச்சது விரல் தண்டி இருந்துச்சு. உங்களக் கூப்பிட்டாங்களாம், நீங்க வரலையாம். அது ஒரு மாசம்கூடத் தாங்கல. நடுவுல கரைஞ்சுபோச்சு. ஓரத்துல கொஞ்சம்தான் மிச்சம். அத வெட்டித்தான் திரும்ப வெச்சாங்க."

சற்குணம் தொட்டியைப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தனை நாள் வெட்டவிடாம காப்பாத்திக்கிட்டிருந்தது?"

"அவங்க வெட்டி வெச்சதுதான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க இப்பத்தானே கேக்கறீங்க."

விளக்கொளியில் அந்தச் சின்ன விரல்கள் விரிந்தன, மூடின.

"அவ எப்படி வெட்டினா?" என்று கேட்டார்.

"அழுதுகிட்டேதான் அங்கிள்," என்றாள் ஹாஜரா. "நான்தான் கிண்ணம் பிடிச்சேன்."