ஆமணக்கிலைத் தலையணை

ஆலமரச் சந்தையில் தையல்சிட்டு ஒன்று இலைப் போர்வை விற்றது. ஆர்டரைக் காக்கா கொண்டு வரும். போர்வையையும் காக்காவே கொண்டு போகும். விலை, ஒரு பொதி இலவம்பஞ்சு.

அந்த வருடம் இலவ மரம் சரியாகக் காய்க்கவில்லை. சிட்டு முட்டையிடும் நாளோ நெருங்கிவிட்டது. கூட்டில் மெத்தை இல்லை. மழை வேறு தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பச்சோந்தி ஆர்டர் கொடுத்தது. "சிவப்புல மஞ்சள் புள்ளி இருக்கணும்!"

சிட்டு குரோட்டன்ஸ் இலைகளைத் தேடிப் பிடித்து, சிலந்தி நூலால் தைத்து அனுப்பியது. பஞ்சு வந்தது. அப்பாடா என்று கூட்டில் பரப்பியது.

மறுநாள் காக்கா ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றது.

"சிட்டக்கா, ரிட்டர்ன்! கிழிஞ்சு வந்துதாம்."

பிரித்தால், ஓட்டை விழுந்த ஆமணக்கிலை!

"இது நான் அனுப்பினதே இல்லையே!"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் தூக்குவேன், போடுவேன். ஆனா ஒண்ணு, அவருக்கு இதே பொழப்பு. அணில்கிட்ட பழம் வாங்கித் தின்னுட்டு, கொட்டையைத் திருப்பி அனுப்பினவரு. எது கொடுத்தாலும் நொட்டை சொல்லாம அவரால இருக்க முடியாது."

சிட்டு சந்தையின் குறைதீர்க்கும் கிளியிடம் பறந்தது. கிளி கண்ணை மூடிக்கொண்டு சொன்னது: "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. வாங்கியவர் சொல்லே வேதவாக்கு. பொழுது சாய்வதற்குள் பஞ்சைத் திருப்பிக் கொடுக்கவும். நன்றி."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்!"

"உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது," என்றது கிளி, அதே குரலில்.

சிட்டு கூட்டுக்குத் திரும்பியது. பஞ்சைப் பார்த்தது. ஆமணக்கிலையைப் பார்த்தது. காக்கா சொன்னதை நினைத்துப் பார்த்தது. பிறகு அந்த இலையையே மடித்து, காய்ந்த புல்லை அடைத்து, ஒரு தலையணை தைத்துக் கிளியிடம் எடுத்துப் போனது.

"கிளியாரே, வாங்கினவர் மனசு நோகக் கூடாது. பஞ்சோட ஒரு தலையணையும் இலவசமாத் தர்றேன். நீங்களே வந்து உங்க அலகால கொடுங்க."

கிளிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காக்காவையும் சேர்த்துக்கொண்டு மூவரும் பச்சோந்தியின் புதருக்குப் போனார்கள்.

"சார், பார்சல்!" என்று கத்தியது காக்கா.

பச்சோந்தி கொட்டாவி விட்டபடி வெளியே வந்தது. ஒரு கண் பஞ்சைப் பார்த்தது. மறு கண் தலையணையைப் பார்த்தது.

"இலவசமா? கொண்டா, கொண்டா!"

வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தது. உடனே முகம் சுளித்தது.

"என்ன இது! சிவப்புப் போர்வைக்குப் பச்சைத் தலையணையா? மேட்சே ஆகலை. ரிட்டர்ன்!"

"எந்தப் போர்வைக்குங்க?" என்று சிட்டு பணிவாகக் கேட்டது.

கிளி கண்ணைத் திறந்தது.

எதிரே நின்ற பச்சோந்தி தலை முதல் வால் வரை சிவப்பு. அதில் மஞ்சள் புள்ளி. போர்வைக்குள்ளிருந்து நேராக எழுந்து வந்திருந்தது! அவசரமாகப் பச்சையாக மாறப் பார்த்தது. கழுத்து வரைக்கும்தான் முடிந்தது.

"உங்கள் வருத்தம் எங்களுக்கு..." என்று ஆரம்பித்த கிளி பாதியில் நிறுத்தியது. முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியது.

"திருட்டுப்பயலே!"

பஞ்சு சிட்டின் கூட்டுக்கே திரும்பியது. போர்வையைத் தூக்கிப் போய்க் காக்கா அணிலின் பொந்தில் போட்டது. அன்று மாலை மழை கொட்டியது. பச்சோந்தி தலையணையைப் பிரித்து, அந்த ஓட்டை இலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

பொய்க் குறை சொல்லியே பழகிய வாய், ஒருநாள் தன் குற்றத்தையும் தானே சொல்லிவிடும்.