விலக்கு கிடைத்த வீடு

முன்பொரு நாள், ஜாவா தீவின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில், சமிந்தென் என்பவளின் வீட்டு வாசலில் ஒரு மூங்கில் குவளை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் அப்படி ஒரு குவளை உண்டு. பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்காரர்கள் அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பார்கள். இரவில் ஊர்க்காவலுக்குச் சுற்றி வரும் ஆட்கள் அதை எடுத்துப் பையில் கொட்டிக்கொண்டு போவார்கள். சேரும் அரிசி ஊர்ப் பொதுவுக்கு. ஆனால் அரிசியா பெரிது? குவளை காலியாக இருந்தால் அவர்கள் கதவைத் தட்டுவார்கள். "என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். திருடனுக்கும் தீக்கும் காவல் இருந்துகொண்டே, வீட்டில் இருப்பவர்கள் நலமாக இருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுகிற ஏற்பாடு அது.

சமிந்தெனுக்கு ஐம்பத்தைந்து வயது. புருஷன் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. ஊர்க் கடைசியில் வாய்க்காலைத் தாண்டி அவள் வீடு மட்டும் தனியாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு வயல், அவ்வளவுதான் சொத்து. அந்த வருஷம் அதையும் எலி தின்றுவிட்டது.

ஊர்க் கூட்டத்தில் வாகிடி எழுந்தான். நாற்பது வயது, நல்ல உழைப்பாளி, நல்ல மனசுக்காரன். "அந்த அக்கா ஒண்டிக்கட்டை. இந்தத் தடவை விளைச்சலும் போச்சு. அவங்க வாசல்ல போய் அரிசி எடுக்கிறது நல்லாவா இருக்கு? அந்த வீட்டுக்கு மட்டும் விலக்குக் குடுத்துடலாம்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல மனசோடு எடுத்த முடிவு என்றால் யாரும் மறுபடி யோசிப்பதில்லை. அன்று முதல் காவல்காரர்கள் வாய்க்கால் பாலம் வரை வந்து திரும்பிப் போனார்கள்.

செய்தி கேட்ட சமிந்தென் "சரி" என்றாள். வீட்டுக்குள் வந்ததும், "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் அடுப்பைப் பார்த்து. அன்றைக்கும் ஒரு பிடி அரிசியைக் குவளையில் போட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

மறுநாள் காலை அடுப்பு மூட்டிவிட்டு வந்து பார்த்தால், குவளை காலி.

அவள் முகம் மலர்ந்தது. "எடுத்துட்டுப் போயிருக்காங்க! பேச்சுக்குத்தான் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்று கோழியிடம் சொன்னாள்.

எடுத்தவை எட்டுக் குருவிகள். விடியும்போது வந்து, ஒரு மணி விடாமல் கொத்திவிட்டுப் போயிருந்தன. குவளைக்கு இது தெரியும். ஆனால் அதன் பேச்சு மனிதக் காதில் விழாது. விழுந்திருந்தாலும் அவளிடம் சொல்லியிருக்காது. எட்டு மாதம் இப்படியே போயிற்று.

கதவுக்கு உட்புறம் ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது. பக்கத்து ஊரில் தண்ணீர் மோட்டார் திருடு போனபோது எல்லோரும் பூட்டு வாங்கினார்கள், அவளும் வாங்கினாள். மாலையில் சங்கிலியை இழுத்து உள்ளே பூட்டிக்கொள்வாள். குவளையும் பூட்டும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. பேச்சுத்துணைக்கு இரண்டுக்கும் வேறு ஆள் கிடையாது.

"நான் இருக்கும்வரை ஒரு பயல் உள்ளே வர முடியாது" என்று பூட்டு பெருமையடிக்கும்.

"யார் வரப்போகிறார்கள்?" என்று கேட்கும் குவளை.

பூட்டு சங்கிலியை ஒருமுறை குலுக்கிக்கொள்ளும்.

ஒரு நாள் மாலை மழை கொட்டியது. மழை விட்டதும் அரிசி வைக்கலாம் என்று சமிந்தென் கதவை முன்னதாகவே பூட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்றது குவளை.

"வழுக்கி விழுந்துவிட்டாள். அரிசிப் பானையிடமிருந்து உன்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள். கையில் இருந்த அரிசியெல்லாம் தரையில் கிடக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள்."

"கதவைத் திற!"

"எனக்குத் திறக்கத் தெரியாது" என்றது பூட்டு. முதல்முறையாக அதன் குரல் சிறுத்துப்போயிருந்தது. "சாவி அவள் மடியில் இருக்கிறது."

அன்றிரவு குவளை காலியாகத் தொங்கியது. பழைய நாளாக இருந்தால் அதற்குள் கதவைத் தட்டியிருப்பார்கள். தூரத்தில் பாலத்தருகே காவல்காரர்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. பிறகு அவையும் அடங்கின. மறுநாளும் தூறல் விடவில்லை. குருவிகள் எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போயின. உள்ளே அவள் கூப்பிடும் குரல் வாய்க்கால் இரைச்சலைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரும் அன்றே தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. குருவிகள் மறுபடி வந்தன.

"இன்றைக்கும் இல்லையா?" என்றது மூத்த குருவி.

"எட்டு மாதம் அவள் அரிசியைத் தின்றீர்கள். இன்றைக்கு அவளுக்காக ஒரு காரியம் செய்யுங்கள். யாரையாவது அழைத்து வாருங்கள்" என்று குவளை கெஞ்சியது.

"நாங்கள் கூப்பிட்டு எந்த மனிதன் வந்திருக்கிறான்? எங்களைக் கண்டால் அவர்களுக்குத் துரத்த மட்டும்தான் தெரியும்."

குவளை யோசித்தது. "அப்படியானால் போய்த் துரத்த வையுங்கள். இங்கே வரை துரத்தி வர வையுங்கள்."

வாகிடியின் வாசலில் அன்றைக்குப் பாய் விரித்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. எட்டுக் குருவிகளும் அதில் இறங்கின. வாகிடி மூங்கில் கழியை எடுத்து விரட்டினான். பறந்தவை திரும்பி வந்தன. கல்லெறிந்தான். ஒன்றின் இறகு பிய்ந்தது. அப்போதும் திரும்பி வந்தன. நாலாவது முறை அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"எந்த வீட்டுச் சனியன்கள் இதுகள்? எவன் சோறு போட்டு வளர்க்கிறான்னு பார்த்துடறேன்!" என்று கழியோடு பின்னாலேயே ஓடினான். குருவிகள் பாலத்தைத் தாண்டின. அவனும் தாண்டினான். எட்டு மாதத்தில் அதைத் தாண்டி அவள் வீட்டுப் பக்கம் வந்த முதல் ஆள் அவன்தான்.

குருவிகள் சமிந்தென் வீட்டுக் கூரையில் உட்கார்ந்தன. வாகிடி கழியை ஓங்கியபோது குவளை கண்ணில் பட்டது. விளிம்பெல்லாம் குருவி எச்சம். எடுத்து உள்ளே விரலை விட்டான். அடியில் தவிடு ஒட்டியிருந்தது. அப்படியானால் அவள் அரிசி வைப்பதை நிறுத்தவே இல்லை; இன்றைக்குத்தான் குவளை காலி.

அவன் கழியைக் கீழே போட்டான். "அக்கா!" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. கதவைத் தள்ளினான். பூட்டு அசையவில்லை. காதைச் சுவரோடு வைத்தபோது மெல்லிய முனகல் கேட்டது.

"என் பக்கம் வா" என்றது, அதுவரை வாய் திறக்காத மூங்கில் தட்டிச் சுவர். மனிதக் காதில் அது விழாது. ஆனாலும் வாகிடி தட்டியைத்தான் பிய்த்தான். இரண்டு உதையில் ஆள் நுழைகிற அளவு வழி விட்டது. யாரும் திறக்காத கதவில் பூட்டு மட்டும் பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

சமிந்தென் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. அவன் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வாயில் ஊற்றினான். இரண்டு மிடறு இறங்கியதும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"தம்பி, ரெண்டு நாளா அரிசி வைக்க முடியல. எழுந்திரிக்கவே முடியல. அதைக் கேட்டுத்தான் வந்தியா?" என்றாள்.

விலக்குக் கொடுக்கச் சொன்ன வாய் வாகிடியுடையது. இந்த எட்டு மாதமும் யாரும் இந்தப் பக்கமே வரவில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

"ஆமாக்கா. குவளை காலியா இருந்துச்சு. அதான் வந்தேன்" என்றான்.

ஆட்கள் வந்து அவளைக் கட்டிலோடு தூக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் கழித்து, கோலூன்றி வீடு திரும்பினாள்.

அந்த வாரக் கூட்டத்தில் வாகிடி மறுபடி எழுந்தான். "சமிந்தென் அக்கா வீட்டு அரிசி நமக்கு வேணும்" என்றான்.

"ஒரு பிடி அரிசிக்காகவா வாய்க்கால் தாண்டிப் போகணும்?" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான்.

"ஆமா. தினம் போகணும்."

மறுநாள் விடியலில் எட்டுக் குருவிகளும் குவளைக்கு வந்தன. உள்ளே ஒரு மணிகூட இல்லை.

"ஐயோ, மறுபடியும் விழுந்துவிட்டாளா? எங்கள் அரிசி எங்கே?" என்று பதறியது மூத்த குருவி.

"மனிதர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றது குவளை.